கல்குடாப் பக்கம் வீடு வாங்கி இறங்கலாமா? மலையிலிருந்து ஒரு கேள்வி

பொகவந்தலாவை மாஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரம்மாவும் டீச்சர்மார். அவங்க பென்சன் எடுத்தாச்சு, எனக்கும் கிட்டத்துல முடியப் போகுது. மகன் கனடா, மகள் கொழும்பு. இப்ப இருக்கிறது பாடசாலை குவார்ட்டர்ஸ். சாவியைக் குடுத்துட்டு இறங்க வேண்டியதுதான். சொந்தமா ஒரு பேர்ச் காணி கிடையாது. அப்பா அம்மா வாழ்ந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, இன்னும் நிக்குது, ஆனா தோட்டக் காணி அரசாங்கத்தோடது, 1992ல கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போனது. கொழுந்து பறிச்சவங்க பேர்ல அதுல ஒண்ணும் இல்ல.

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் விசாரிச்சோம். டவுன் ஓரம் சமதரையா கிடைச்சா விலைக்குக் கிட்ட போக முடியல. கையில உள்ள காசுக்குக் காட்டுறதெல்லாம் சரிவு. 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்து மலை இறங்கின பிறகு, சரிவுல வீடுன்னா வீட்டுக்காரம்மா பேச்சையே எடுக்க விடுறதில்ல. 2014ல மீரியபெத்தை மண்ணுக்குள்ள போனதுல இருந்தே அவங்களுக்கு அந்தப் பயம் உண்டு.

இப்ப கிழக்குக் கரையில, மட்டக்களப்புப் பக்கம் கல்குடாவுல ஒரு வீடு வந்திருக்கு. 15 பேர்ச், மூணு ரூம், கடற்கரைக்கு நடந்தே போகலாம். ஒரு கோடிக்குக் கொஞ்சம் உள்ள பேசி முடிக்கலாம்னு புரோக்கர் சொல்றார். ஆகஸ்ட் லீவுல போய்ப் பார்த்தோம், ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. நாங்க பிறந்ததுல இருந்து குளிர்ல இருந்தவங்க. அங்க வருசம் முழுக்க இருக்க முடியுமா? பேப்பர் எப்படிப் பார்க்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதுளை றோட்டுக்காரன்:

ஆகஸ்ட்ல பார்த்தா யாருக்குத்தான் பிடிக்காது மாஸ்டர்? டிசம்பர்ல ஒருக்கா போய்ப் பாருங்க. அதுக்குப் பிறகு பேசுவோம்.

பயணத்தைப் பத்திக் கவலை வேணாம். ஏ5 வீதி பேராதனையில தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா வழியா செங்கலடியில போய் முட்டுது. அங்க இருந்து வடக்கே திரும்பினா வாழைச்சேனை. பிபிலைக்கு அங்கிட்டு மகா ஓயாப் பக்கம் காட்டு றோட்டு, யானை நடமாட்டம் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள தாண்டிடுங்க.

கல்குடா வாசி:

சேர், நான் இந்த ஊர்தான். பதுளைத் தம்பி சொன்னது சரி.

எங்கட பக்கம் மழை வாறது ஒக்டோபர் கடைசியில. வாடைக்காற்று தொடங்கினா தை மாசம் வரைக்கும் கடல் வேற முகம். பாசிக்குடாக் குடா உள்வளைஞ்சு, முன்னால கற்பாறைத் திட்டும் இருக்கிறதால அங்க கொஞ்சம் அமைதி. நீங்க ஆகஸ்ட்ல இடுப்பளவு தண்ணிக்குள்ள கனதூரம் நடந்திருப்பீங்க. அந்தக் குடாவை வச்சு முழுக் கரையையும் கணக்குப் போடாதீங்க. கல்குடாப் பக்கம் திறந்த கடல். மாரியில அலை கரையைக் கடிக்கும்.

மாரியில ஹோட்டலுகளில பாதி வெறிச்சோடிக் கிடக்கும், வெள்ளைக்காரன் இருக்கமாட்டான், ஓட்டோக்காரர் வேற வேலைக்குப் போயிடுவார். ஊர்ச்சனம் நாங்க இருப்பம். கடை, சந்தை எல்லாம் வாழைச்சேனையும் ஓட்டமாவடியும்தான், அது வருசம் முழுக்க ஓடும். ஆதார வைத்தியசாலை வாழைச்சேனையில இரிக்கி. பெரிய வருத்தம் எண்டா மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, 30 கிலோமீற்றருக்கு மேல. ரெண்டு பேரும் வயசாகப் போறீங்க, கடலைவிட இதைத்தான் நான் முதல்ல யோசிப்பன்.

மழையைக்கூடச் சமாளிக்கலாம். உங்களைச் சோதிக்கப் போறது கச்சான் காற்று. வைகாசி, ஆனியில மேற்கால இருந்து காய்ஞ்ச சூடாய் அடிக்கும். மத்தியானம் வீட்டுக்குள்ள இருக்கேலாது, பின்னேரம் கடல்காற்று எழும்பினால்தான் மூச்சு வரும். மேற்குப் பக்கம் நிழல் இல்லாத வீட்டை மலைநாட்டுக்காரர் வாங்கவே கூடாது. அந்த வீட்டில மாமரம், வேம்பு நிக்குதா எண்டு பாருங்க.

கந்தோர்க் கிளார்க்:

கண்டியில ஒரு நொத்தாரிசுகிட்ட வேலை செய்றேன். காணிப் பேப்பரைப் பொறுத்தவரை கேள்வி ஒண்ணுதான்: அது உறுதிக் காணியா, பேர்மிட் காணியா, இல்ல அளிப்புப் பத்திரமா? மத்ததெல்லாம் அதுக்குப் பிறகு.

உறுதின்னா தனியார் காணி. நொத்தாரிசு முன்னால, ரெண்டு சாட்சியோட எழுதிப் பதிஞ்சது. வெள்ளைப் பேப்பர்ல முத்திரை ஒட்டிக் கையெழுத்து வச்சுக் காணி கைமாறின கதையை நம்பாதீங்க. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அது செல்லாது. உறுதி உண்மையாவே இருந்தாலும் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்துல குறைஞ்சது 30 வருசத்துப் பதிவைக் கிண்டிப் பார்க்கணும். ஈடு வச்சிருக்கா, வழக்கு நிக்குதா, யாருக்காவது சீவிய உரித்து (சாகும்வரை அனுபவிக்கிற உரிமை) எழுதியிருக்கான்னு அதுலதான் தெரியும். கிழக்குல யுத்த காலத்துல சனம் இடம்பெயர்ந்து பேப்பர் தொலைச்சிருக்காங்க, ஒரே காணிக்கு ரெண்டு பேர் உறுதி வச்சிருக்கிறதும் உண்டு. 2016ல வந்த 5ஆம் இலக்கச் சட்டம், ஆயுதக் குழுக்களாலயும் யுத்தத்தாலயும் காணிக்குப் போக முடியாம இருந்தவங்களுக்கு எதிரா 10 வருச ஆட்சி உரிமை கேட்கிறதைத் தடுக்கத்தான் வந்தது. அதனால "பத்து வருசமா நாங்கதான் இருக்கோம்"ங்கிற பேச்சை மட்டும் நம்பிக் காசு குடுக்காதீங்க.

பேர்மிட், அதாவது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ குடுத்த அனுமதிப்பத்திரம், விக்கவே முடியாது. எவ்வளவு மலிவா சொன்னாலும் எழும்பி வந்துடுங்க.

செலவு: முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு கோடிக்கு 399,000 ரூபா வருது. அது வாங்குறவர் தலையில. நொத்தாரிசு கட்டணமும் நில அளவையாளர் கூலியும் தனி. உறுதியில விலையைக் குறைச்சுப் போடலாம்னு யாராவது யோசனை சொன்னா சம்மதிக்காதீங்க, மாகாண இறைவரித் திணைக்களம் மதிப்பிட்டு மிச்சத்தைக் கேட்கும்.

பொகவந்தலாவை மாஸ்டர்:

ரொம்ப நன்றி. கிளார்க் தம்பி சொன்னதைப் படிச்சுட்டுப் புரோக்கர்கிட்ட பேப்பரோட போட்டோ கேட்டேன், வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கார். மேல "ஸ்வர்ணபூமி"ன்னு இருக்கு. விக்கிறவர்னு எங்ககிட்ட பேசினது ஒரு அப்பா. பேப்பர்ல உள்ள பேர் அவரோட காலஞ்சென்ற மாமியாரோடதாம். வீட்டுல இப்ப இருக்கிறது மூத்த மகள். இது சரிவருமா?

கந்தோர்க் கிளார்க்:

மாஸ்டர், அட்வான்ஸ் எதுவும் குடுக்கலைன்னு நம்புறேன்.

ஸ்வர்ணபூமி, ஜயபூமி எல்லாம் அரசாங்கம் காணியை அளிச்சுக் குடுக்கிற அளிப்புப் பத்திரம். பேர்மிட்டை விட ஒரு படி மேல, ஆனா உறுதி மாதிரி இல்ல. பிரதேச செயலாளர் எழுத்துல சம்மதம் குடுக்காம வித்தா அந்த விற்பனை வெறும் காகிதம். காணியைத் துண்டாடவும் கட்டுப்பாடு இருக்கு. இங்க பேர்காரர் இறந்துபோயிட்டதால, முதல்ல யார் அடுத்த உரித்தாளின்னு பிரதேச செயலகத்துல பதிஞ்சு, அவர் பேருக்கு மாறி, அதுக்குப் பிறகுதான் விக்கிற சம்மதத்துக்கே விண்ணப்பிக்கலாம். அந்த அப்பாவுக்கு இப்போதைக்கு விக்க ஒண்ணும் இல்ல.

வாவிக்கரை மகள்:

மாஸ்டர், நான் மட்டக்களப்பு. இதுல ஊர் வழக்கு ஒண்டு இரிக்கி, அது பேப்பர்ல தெரியாது.

எங்கட பக்கம் வீடு எண்டா அது பொம்பிளைப் பிள்ளைக்கு. கலியாணம் முடிச்சு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய்ட வீடு மூத்த மகளுக்குச் சீதனமாய்ப் போகும், தாய் தகப்பன் அடுத்த மகளுக்கு வளவுக்குள்ளயோ பக்கத்திலயோ இன்னொண்டு கட்டுவாங்க. ஆகவே அந்த வீட்டில இருக்கிற மகள், பேப்பர்ல பேர் இருந்தாலும் இல்லாட்டியும், அது தன்ட வீடு எண்டுதான் நினைச்சிரிப்பா. ஊரும் அப்பிடித்தான் நினைக்கும். அவட தகப்பன் புரோக்கரோட விலை பேசுறது அவவுக்குத் தெரியுமோ? முதல்ல அவவோட இருந்து கதையுங்க, வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. பொம்பிளைகள் கதைச்சா பாதி விசயம் வெளியில வரும்.

இதைப் பார்க்காம எந்தப் பேப்பரைத் திருத்தினாலும் நாளைக்கு வேலியில நிண்டு சண்டைதான்.

உல்லை ரூம்ஸ்:

எல்லாரும் மாஸ்டரைப் பயப்படுத்துறீங்க. நாங்க அறுகம்பையில மூணு ரூம் வாடகைக்கு விட்டு நல்லாத்தான் இருக்கம். சேர் பென்சன்காரர், வீட்டில ரெண்டு ரூமை வெள்ளைக்காரருக்குக் குடுத்தா மருந்துச் செலவு போகும். அதுக்குக் கடல் தெரியிற காணி வேணும். பின் ஒழுங்கையில வாங்கினா யாரும் வரமாட்டான்.

மேசன் பாஸ்:

உல்லைத் தம்பி, அங்க சேர்ஃபிங்குக்கு ஆள் வாறது சித்திரைக்குப் பிறகு ஐப்பசி மட்டும். மிச்ச மாசம் ரூம் யாருக்கு? மாஸ்டருக்கு வேணும் இருக்கிறதுக்கு வீடு.

நான் தலவாக்கலை ஆள், கிழக்குல சைட் வேலை செய்து இப்ப ஏறாவூர்ல குடியிருக்கேன். கடலுக்கு முன்னால கட்டின வீட்டை உடைச்சுப் பார்த்தவன் சொல்றேன். உப்புக்காத்து கொங்கிறீட்டுக்குள்ள நுழைஞ்சு கம்பியைப் பிடிக்கும். கம்பி துரு ஏறினா ஊதும், ஊதினா கொங்கிறீட் வெடிச்சு விழும். வீடு வாங்கப் போனா சுவரைப் பார்க்காதீங்க, பெயின்ற் எல்லாத்தையும் மூடிடும். தூண் அடியையும், சிலாப் அடிப்பக்கத்தையும், ஜன்னல் மேல உள்ள லின்டலையும் பாருங்க. பழுப்புக் கோடு ஓடியிருந்தா, கம்பி நீளத்துக்கு வெடிப்பு இருந்தா, அந்த வீட்டுக்குக் காணி விலை மட்டும் குடுங்க. கடல்மண்ணைக் கழுவாம கலந்து கட்டின வீடுகளும் இருக்கு. அது உள்ளுக்குள்ளயே நோயோட பிறந்த பிள்ளை.

தகரக் கூரை வேணாம், ஓடு போட்டதா பாருங்க. இரும்புக் கேட், இரும்பு கிறில் எல்லாம் வருசா வருசம் சுரண்டிப் பெயின்ற் அடிக்கணும். அலுமினியம், மரம் நல்லது.

கிணறுதான் பெரிய விசயம். மணல் தரையில மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டு நிக்கும். நல்ல தண்ணி மட்டம் ஒரு அடி இறங்கினா அடியில உள்ள உப்பு ஏறக்குறைய 40 அடி மேல வரும்னு எஞ்சினியர்மார் கணக்கு. பக்கத்துல ஹோட்டல் ஒண்ணு பெரிய மோட்டர் போட்டு இழுத்தா உங்க கிணறும் உவராப் போகும். ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர்ல கிணத்துத் தண்ணியை வாயில வச்சுப் பாருங்க, அப்பதான் உண்மை தெரியும். மழைக்குப் பிறகு பார்த்தா எல்லாக் கிணறும் இனிக்கும். மலக்குழிக்கும் கிணத்துக்கும் 50 அடியாவது இருக்கணும், மணல்ல அழுக்கு சீக்கிரம் ஓடும்.

கல்குடா வாசி:

கடல் தெரியிற காணி எண்டு தேடுறவைக்கு ரெண்டு விசயம். உயர் நீர்மட்டத்தில இருந்து 300 மீற்றர் வரைக்கும் கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி அதுக்குள்ள ஏதும் கட்ட, பெருப்பிக்க எல்லாத்துக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்திட்ட அனுமதி எடுக்கணும். இருக்கிற வீட்டுக்கு அந்த அனுமதி எடுத்திருக்கோ எண்டு விக்கிறவரிட்ட கேளுங்க. பிரதேச சபை அங்கீகரிச்ச பிளானையும் கேளுங்க.

மற்றது, கரைவலைப் பாடு. எந்தெந்தக் கரையில யார் வலை இழுக்கிறது எண்டது பரம்பரையாய் வாற உரிமை. முன்னால வேலி போட்டு "என்ட கடற்கரை" எண்டு நிண்டா, விடியக் காலமை நாப்பது பேர் கயிறோட வந்து நிப்பாங்க. மீன்பிடிக்காரர்ட வாடியும் (குடிசை) தோணியும் அங்கதான் இருக்கும், மீன் மணமும் அங்கதான் இருக்கும்.

லயத்துப் பொண்ணு:

எனக்கு ஒரு கேள்வி. 200 வருசமா மலையில உழைச்சவங்க, காணி உரிமைன்னு இன்னும் போராடிக்கிட்டு இருக்கோம். 7 பேர்ச்சும் ஒரு வீடும் குடுக்கிறதுக்கே எத்தனை கொடி, எத்தனை ஊர்வலம். படிச்சவங்க, கையில காசு உள்ளவங்க எல்லாம் கடற்கரைக்கு இறங்கிட்டா இங்க யார் மிஞ்சுறது? நானும் ஒரு ஸ்கூல் டீச்சரோட மகள்தான், கோபத்துல எழுதல. ஆனா இதையும் யோசிங்க சார்.

பொகவந்தலாவை மாஸ்டர்:

மகள், நீங்க கேட்டது நியாயம். அதே காணி எனக்குக் கிடைச்சிருந்தா இந்தக் கேள்வியே இங்க வந்திருக்காது. குவார்ட்டர்ஸ்ல இருந்தவனுக்கு லயத்துக் கணக்குலயும் இடமில்ல, ஊர்க் கணக்குலயும் இடமில்ல. தோட்டத்துல வேலை செய்யாதவங்கன்னு வீட்டுத் திட்டப் பட்டியல்ல எங்க பேர் வரல. சங்கத்துக்கு நான் தொடர்ந்து சந்தா குடுக்கிறேன், அது நிக்காது.

வவுனியா 77:

எங்கப்பா 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு மாத்தளையில இருந்து வவுனியாவுக்கு வந்தவர். எங்களைப் போல ஆயிரக்கணக்கான குடும்பம் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்துச்சு. மாஸ்டர் கேட்காம விட்டதை நான் சொல்றேன்: வந்த இடத்துல மலைநாட்டுக்காரரை இளக்காரமா சொல்ற "தோட்டக்காட்டான்"ங்கிற சொல் காதுல விழும். எங்கப்பா காதுல விழுந்தது, என் காதுலயும் விழுந்தது. இப்ப குறைவு, ஆனா கலியாணம் பேசுற நேரம் எழும்பி வரும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்ல, பிள்ளைங்க கட்டிக் குடுத்தாச்சு.

வடக்குப் பக்கம் பார்க்கிறவங்களுக்கு ஒரு சேதி: தேசவழமைச் சட்டப்படி, அதாவது வடக்குத் தமிழரோட வழக்காற்றுச் சட்டப்படி, காணியில பங்கு உள்ளவருக்கு வாங்கிற முதல் உரிமை உண்டு. அவங்களுக்கு அறிவிக்காம வாங்கினா பிறகு வழக்குப் போடலாம்.

கல்குடா வாசி:

சொல்லு பொல்லாதது, இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா வாத்தியார் எண்டு வந்தா எங்கட ஊர்ல மரியாதை வேற. பின்னேரம் நாலு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்க எண்டா ஒரு வருசத்துக்குள்ள "எங்கட சேர்" ஆயிருவீங்க.

கோயில் விசயம் மட்டும் தெரிஞ்சு வையுங்க. பெரிய கோயிலுகளில திருவிழாவும் முன்னீடும் குடி குடியாய், அதாவது தாய்வழிக் குடும்பப் பிரிவு பிரிவாய்ப் பிரிச்சிருக்கும். வெளியால இருந்து வந்தவருக்குக் குடி இல்ல, அதனால அந்த முறைக்குள்ள இடம் கிடைக்காது. கும்பிட, அன்னதானத்துக்கு உதவ ஒருதரும் தடுக்கமாட்டாங்க. நிர்வாகத்துக்குள்ள தலையைப் போடாதீங்க.

வாவிக்கரை மகள்:

சுனாமியை ஒருத்தரும் தொடாம போறீங்க.

2004 டிசம்பர் 26ல கல்குடா, பாசிக்குடா, இங்கால நாவலடி, கல்லடி எல்லாம் அடிபட்டது. நாடு முழுக்க 30,000 பேருக்கு மேல போனாங்க. பிறகு வடக்கு கிழக்கில கரையில இருந்து 200 மீற்றருக்குள்ள வீடு கட்டேலாது எண்டு அரசாங்கம் சொன்னது, மற்றப் பக்கத்தில 100 மீற்றர். கன நாள் போகாம தளர்த்தினாங்க. நான் இண்டைக்கும் அந்த 200 மீற்றரைத்தான் என்ட கணக்காய் வச்சிருக்கிறன். சட்டம் விட்டாலும் அதுக்குள்ள வாங்கமாட்டன். 78 நவம்பர் 23 சூறாவளியில மட்டக்களப்பில ஓடு பறந்து தென்னை முழுக்க விழுந்த கதையை அம்மம்மா சொல்லுவா, அதுக்குக் கரையில இருந்தா என்ன, உள்ளுக்க இருந்தா என்ன. நல்ல சுவர், நல்ல கூரைதான் வேணும்.

மலைச்சரிவில பயந்து கடலுக்கு வாறவங்க, கடலில இருந்து ஒரு ஒழுங்கை தள்ளி, மேட்டில, ஓடுறதுக்கு நேர் றோட்டு இருக்கிற இடத்தில வாங்குங்க.

பொகவந்தலாவை மாஸ்டர்:

எல்லாரும் சொன்னதை வீட்டுக்காரம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அந்த ஸ்வர்ணபூமி வீட்டை விட்டுட்டோம். புரோக்கர்கிட்ட சொன்னப்ப "அதெல்லாம் செயலகத்துல ஆள் இருக்கு, பார்த்துக்கலாம்"னார், அதுலயே முடிவு எடுத்துட்டோம்.

இப்ப எண்ணம் இதுதான்: ஐப்பசியில இருந்து தை வரைக்கும் அங்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கிறது. மழையையும் பார்த்துடலாம், உறுதிக் காணி வந்தா நேரா போயும் பார்க்கலாம். மகன் இரட்டைக் குடியுரிமை எடுத்திருக்கான், அவன் பேர்லயும் சேர்த்து வாங்கினா பிரச்சினை வருமா? வாடகை வீட்டுக்கு அங்க எவ்வளவு முற்பணம் கேட்பாங்க?

கந்தோர்க் கிளார்க்:

இரட்டைக் குடியுரிமைக்காரர் இலங்கைப் பிரசைதான். வெளிநாட்டவருக்குக் காணி விக்கிறதைத் தடுக்கிற 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. ஆனா அவர் அங்க இருந்துகொண்டு அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருத்தர் கையெழுத்து வைக்க அதிகாரம் குடுக்கிற பத்திரம்) அனுப்பிக் கையெழுத்து வைக்கிறதை விட, லீவுல வரும்போது நேர்ல வந்து வைக்கிறது நல்லது. அற்றோணித் தத்துவத்தை வச்சுத்தான் மோசடி அதிகம்.

கல்குடா வாசி:

முற்பணம் வீட்டுக்காரரைப் பொறுத்தது. வெள்ளைக்காரருக்குக் குடுக்கிற வீட்டில பெரிய தொகை கேட்பாங்க. ஊர் வீடு எண்டா பேசலாம், அதுவும் மாரியில வீடு சும்மா கிடக்கிற நேரம். றெயில்வே ஸ்ரேசன் பக்கம் கேளுங்க, கடற்கரைப் பக்கம் போகாதீங்க. ஒப்பந்தத்தை எழுத்தில எடுங்க.

பொகவந்தலாவை மாஸ்டர்:

சரி. ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாம் இங்கிருந்தே லொறியில ஏத்தலாமா?

மேசன் பாஸ்:

நாலு மாசத்துக்கா? ரெண்டு பாய், ஒரு காஸ் அடுப்பு, நல்ல ஃபேன் ரெண்டு கொண்டு வாங்க. கட்டிலை ஏறாவூர்ல நான் வாடகைக்கு எடுத்துத் தாறேன். கம்பளியை மட்டும் மகள் வீட்டுல வச்சுட்டு வாங்க.

பதுளை றோட்டுக்காரன்:

கம்பளியையும் கொண்டு போங்க மாஸ்டர். மார்கழி வாடையில விடியக் காலமை அங்கயும் போர்த்துவாங்க.